கணவனை வெளியே அனுப்பிய வசந்தா சிஸ்டர்

வசந்தா சிஸ்டர் மாங்காட்டில் காலமாகிவிட்டார் என்ற செய்தி, நீதிமன்ற வராந்தாவில் வழக்கு கூப்பிடக் காத்திருந்தபோது எனக்கு வந்தது. கையிலிருந்த வழக்குக் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வழக்கு தோற்றுவிட்டதாகப் பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பூந்தமல்லிப் பக்கத்து அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வழக்கமும் தெரிந்திருக்கும். அடிபட்ட மனைவியைக் கணவனே அழைத்து வருவான். "வழுக்கி வுழுந்துட்டா" என்று அவனே சொல்வான். டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பிறகு எந்த நீதிபதியும் அதைத்தான் பார்ப்பார். அதனால் சிஸ்டர் முதலில் அவனைக் கிளப்புவார். "அண்ணாத்தே, கவுண்டர்ல போயி சீட்டு பதிஞ்சுகினு வா." அவன் போனதும் அவளிடம் திரும்புவார். "இப்ப சொல்லும்மா, இன்னா ஆச்சு?"

குத்தம்பாக்கத்துச் செல்வி அப்போதும் குளியலறையில் விழுந்ததாகவே சொன்னாள். "உங்க ஊட்டு பாத்ரூமுக்கு விரலு கீதா? கழுத்துல தடம் கீதே" என்றார் சிஸ்டர். செல்வி புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து, கணவன் மேல் அவள் தொடுத்த வழக்கில் அவளுக்காக நான் வாதாடினேன். சிஸ்டர் லீவு போட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பதிவேட்டிலிருந்து 'குளியலறையில் விழுந்தார்' என்ற ஒரே ஒரு வரியைப் படித்தார், வழக்கு அவ்வளவுதான். வெளியே வந்ததும் சிஸ்டர் சொன்னார்: "சட்டம்லாம் மாறிடுச்சு வக்கீலம்மா. ஆனா பொய் சொல்லாம இவங்க ஊட்டுக்குத் திரும்பிப் போவ முடியாதே."

சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள் நான். போன வருடம் கை எலும்பு முறிந்து அதே அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் கணவரையும் சீட்டு பதிய அனுப்பினார். கதவைச் சாத்தினார். அதுவரை வக்கீலம்மா என்றே அழைத்தவர், அன்று பெயர் சொல்லிக் கேட்டார். "இன்னா ஆச்சு மாலதி?"

மாடிப்படி என்றேன். அவர் திட்டவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் மாடிப்படி என்றேன். வெட்கம்தான், வேறென்ன?

நேற்று அவருக்கு மாலை வாங்கி வந்தவரும் என் கணவர்தான். அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை.

மாடிப்படி இல்லை, சிஸ்டர். ஆனால் பதிவேட்டில் மாடிப்படி என்றுதான் இருக்கிறது.