வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனவர்கள்

வங்காளதேசப் போர் முடிந்த மறுவருடம் அது. அந்தப் போரில் துரத்தப்பட்ட மக்களைப் பற்றிய ஓவியங்களைச் சென்னை மியூசியத்தில் கொஞ்ச நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பத்தாம் வகுப்புப் பெண்களை அழைத்துப்போக அனுமதி கேட்டேன். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அப்போது நான் ஓவிய ஆசிரியை. சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர் ஊராக மனிதர்களைக் கொன்று குவித்ததைக் காலையில் செய்தித்தாளில் படித்துவிட்டு, பத்து மணிக்கு வகுப்பில் மாம்பழத்துக்கு நிழல் போடச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

தலைமை ஆசிரியை உடனே சம்மதிக்கவில்லை. "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டார். கடைசியில், "இருபது பொண்ணுங்களை நீங்க ஒருத்தரே பாத்துக்க முடியாது. ஆயாம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆயாம்மா என்று நாங்கள் கூப்பிட்டது பள்ளியில் மணி அடித்து, தண்ணீர் பிடித்து வைக்கிற அம்மாவை. ஐம்பது வயது இருக்கும். செவிலிமேட்டிலிருந்து தினமும் நடந்தே வருவார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. ஆனால் அவருடைய வீட்டுக்காரரை யாரும் பார்த்ததில்லை. இன்னொருத்தியோடு போய்விட்டார் என்று ஆசிரியைகள் அறையில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பியிருந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியதே இல்லை.

"செத்த காலேஜுக்கா டீச்சர்? நான் அதைப் பாத்ததே இல்ல" என்று சந்தோஷமாகவே கிளம்பினார். மியூசியத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது.

ஓவியக் கூடத்தில் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, தயாரித்துப்போயிருந்த கேள்விகளைக் கேட்டேன். எந்த நிறம் அதிகம், கண் முதலில் எங்கே போகிறது, இப்படி. அவர்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுவரில் பெரிய படம் ஒன்று. தண்டவாளத்தின் ஓரமாக ஒரு பெரும் கூட்டம் நடந்து போகிறது. தலைச்சுமை, இடுப்பில் பிள்ளை. யாருக்கும் முகம் இல்லை.

"டீச்சர், இவங்களுக்கு ஏன் முகமே போடல?" என்று முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்.

எனக்குப் பிடித்தமான கேள்வி. "எண்ண முடியாத அளவுக்கு ஜனங்க இல்லையா? துன்பம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு ஓவியர் காட்டறார்" என்றேன்.

பின்னாலிருந்து ஆயாம்மா சொன்னார்: "இல்லமா. இவரு தள்ளி நின்னு பாத்து வரைஞ்சிருக்காரு. கிட்ட நின்னவங்களுக்கு மூஞ்சி தெரியும்."

பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் அந்தத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு ரயில் ரோடு போடத்தான் போனாரு" என்றார்.

அவராகவே சொன்னார். கல்யாணமான கையோடு புருஷனும் அவரும் மலாயாவுக்கு, ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். அதை லயம் என்பார்கள். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்த பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை நின்றுபோனது, அரிசி கிடைக்கவில்லை. ஒருநாள் லாரி வந்தது.

"டவுன்ல சினிமா காட்டறோம், ஆம்பளைங்க எல்லாம் வாங்கன்னாங்க. இவரு வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கினாரு. தலைக்கு எண்ணெய் வெச்சி சீவிக்கினாரு. படம் பாக்கப் போறாங்க இல்ல, லயமே சிரிச்சிக்கினு இருந்துச்சி. எனக்குத்தான் கோவம், என்னை வுட்டுட்டுப் போறாரேன்னு. திரும்பிப் பாத்து கைய ஆட்டினாரு. நான் மூஞ்சைத் திருப்பிக்கினேன்."

லாரி திரும்பவில்லை. காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த லயத்திலிருந்து போனவர்களில் ஒரே ஒருவர், போர் முடிந்தபின் குச்சி மாதிரி வந்து சேர்ந்தார். அங்கே காலரா வந்தது, நோயாளிகளைத் தனிக் கொட்டகையில் போட்டார்கள், உன் புருஷனையும் அங்கேதான் போட்டார்கள் என்றவர், அதற்கு மேல் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டாராம்.

"கப்பல்ல ஊருக்கு வந்தேன். தாலியைக் கழட்டுன்னாங்க. செத்ததை யாரு பாத்தீங்கன்னு கேட்டேன். அப்படியே இருக்குது" என்று சேலைக்குள்ளிருந்த கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

வாசலில் இருந்த காவலாளி வந்து, கூட்டம் போடாதீர்கள் என்றார். பெண்கள் நகரவே இல்லை. ஒருத்தி ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவரும் பஸ்ஸில் யாரும் பாடவில்லை. மூன்று வருடமாக இவர் பிடித்து வைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே இவரைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஆனால் அடுத்து நான் செய்ததும் சரியில்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஓவியக் கண்காட்சி வைப்பது என் பொறுப்பு. ஆயாம்மாவின் கதையையே வரையலாம் என்று பெண்களிடம் சொன்னேன். அவரிடம் கேட்கவில்லை. பெண்கள் உயிரைக் கொடுத்து வரைந்தார்கள். லாரி, காடு, எலும்பும் தோலுமான மனிதர்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண், தறிக்காரர் மகள், காலராக் கொட்டகை பற்றி எரிவதை வரைந்திருந்தாள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அதை நுழைந்தவுடன் தெரிகிற இடத்தில் மாட்டினேன்.

விழாவன்று காலை, கூடத்தைப் பெருக்க வந்த ஆயாம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். நான் போனபோது துடைப்பம் கீழே கிடந்தது.

"இது எங்க கொட்டாயா டீச்சர்?"

"ஆமாம்மா."

"நெருப்பு வெச்சாங்கன்னு நான் சொல்லலியே."

எங்கோ படித்ததாகவும், அப்படியும் நடந்திருக்கிறது என்றும் சொன்னேன். நடந்த கொடுமை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்றும் கேட்டேன்.

"தெரியணும். ஆனா நான் பாக்காததை ஏன் என் தலையில வெக்கிறீங்க? இருபத்தஞ்சு வருசமா அந்த ஒரு இடத்தை மட்டும் நெனைக்காம இருக்கேன்." துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் எல்லாரும் வந்து பாத்துட்டு, சுண்டல் வாங்கிக்கினு போவாங்க" என்றார்.

படத்தைக் கழற்றினேன். அதை வரைந்த பெண் அழுதாள். ஆயாம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "நீ நல்லாத்தான் போட்டிருக்கமா. லாரி ஏறச்சொல்ல எப்படி இருந்தாங்கன்னு போடு, நான் சொல்றேன்."

அன்று பகல் முழுவதும் மணி அடிக்க வேறு ஆள் பார்க்க வேண்டியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். முதல் வீட்டில் இருந்தவர் குள்ளம், காதில் கடுக்கன். அடுத்தவர் எப்போதும் வெற்றிலை. ஆயாம்மாவின் புருஷன் இடது பக்கம் வகிடெடுப்பார். ஒவ்வொருவருக்கும் முகம். எல்லோரும் வெள்ளைச் சட்டை, எல்லோரும் சிரிப்பு. வீட்டு வரிசைப்படி அவர் பெயர் சொல்ல, பெண்கள் ஒரு தாளில் எழுதிக் கீழே ஒட்டினார்கள். ஒரு பெயருக்குக்கூட அவர் யோசிக்கவில்லை. அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

மாலையில் வந்தவர்கள் படத்தைப் பார்த்து, இவர்கள் திருவிழாவுக்குப் போகிறவர்களா என்று கேட்டார்கள். பெண்கள் இல்லை என்று சொல்லி விளக்கினார்கள். கேட்டவர்களில் சிலர் திரும்பவும் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்ததை நான் கண்டேன். தலைமை ஆசிரியை வெகுநேரம் நின்றார். படங்களை எடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மட்டும் எழுத்தரிடம் சொல்லி அனுப்பினார்.

பத்து நாள் கழித்துத் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா விசாரித்துக்கொண்டு வந்தார். மலாயாவுக்குப் போன அவருடைய அண்ணனைப் பற்றித் தகவலே இல்லையாம். எங்கள் தாளில் அதே பெயர் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். தோட்டம் வேறு, அப்பா பெயரும் வேறு.

"அவரு இல்லமா இவரு. எங்க லயத்து ஆளு சின்ன வயசு" என்றார் ஆயாம்மா.

வந்தவர் தலையை ஆட்டினார். பிறகு, "எங்க அண்ணன் பேரும் அதுல இருக்கட்டுமே" என்று கேட்டார்.

ஆயாம்மா யோசித்தார். "எங்க வரிசையில சேர்க்க முடியாதுமா, அது தப்பாயிடும்" என்றார். என் பக்கம் திரும்பி, "டீச்சர், இன்னொரு தாளு கொண்டாங்க. தனியா எழுதலாம்."

எழுதி, படத்துக்கு வலப்பக்கம் ஒட்டினோம். அந்த அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பள்ளி விடுமுறை விடுவதற்குள் அந்தத் தாளில் மேலும் நான்கு பெயர்கள் சேர்ந்திருந்தன.