வேறெங்கும் வராத படிகம்

பரிசு அறிவித்த அன்று தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடுத்த மாதமே வந்தது வில்லங்கம். அவள் கண்டுபிடித்த காய்ச்சல் மருந்து அவளுடைய ஆய்வகத்தில் மட்டும்தான் படிகமாகிறது, வேறு யார் செய்தாலும் வெறும் பிசின்தான் மிஞ்சுகிறது என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள். எங்கள் கண்முன்னே செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் பரிசு கிடையாது என்றது தேர்வுக் குழு.

அவளா அசருவாள்? சாயப்பட்டறைக்காரரின் இளைய மகள். அமிலம் தெறித்து ஓட்டை விழாத உடுப்பு அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. படித்து முடித்ததும் கிடைத்த ஒற்றை ஜன்னல் அறையில், அந்தப் பிசினோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றாள். கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உள்பக்கத்தைக் கீறிக்கொண்டே இருப்பாள். கீறிய இடத்தைப் பிடித்துக்கொண்டு படிகம் வளருமாம். கல்யாணப் பேச்செடுத்து வந்தவர்களை அக்காதான் வாசலோடு அனுப்பி வைத்தாள். ஒருநாள் படிகம் வந்தது. அதன்பின் வராத நாளே இல்லை.

குழுவின் ஆய்வகம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தேர்வாளர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள். குளிரவைத்தாள், கீறினாள். பிசின் அசையவில்லை. பித்தலாட்டக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு வீடு திரும்புவது?

துணைக்கு வந்திருந்த அக்காவுக்கு வேறு கவலை.

"தலையையாவது வாரிக்கிட்டு வந்திருக்கலாம்ல? உன் அறைத் தூசி வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு."

அவளுக்குப் பொறி தட்டியது. அது தூசியா? படிகத்தின் பொடியல்லவா! அவள் அறைக் காற்றெல்லாம் அந்தப் பொடிதான். அதில் ஒரு துகள் பிசினில் விழுந்தால் போதும், மற்றதெல்லாம் அதன்மேல் வளர்ந்துவிடும். இந்தச் சுத்தமான அறையில் அதற்கு எங்கே போவது? சட்டென்று குடுவைக்கு மேல் குனிந்து, கூந்தலை இரண்டு கையாலும் உதறினாள். ஒரு தேர்வாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பி, கிடுகிடுவென்று குடுவை நிறைந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

மூத்த தேர்வாளர் மட்டும் விடவில்லை.

"அந்தப் பொடி இல்லாம வராதுன்னா, முதல் படிகம் எப்படிம்மா வந்துச்சு?"

"தெரியலைங்க. தினமும் கீறினேன். ஒருநாள் வந்துச்சு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புகார் எழுதினது நான்தான். என் ஆய்வகத்துல எங்க ஆளுங்க செஞ்சதும் சரியாத்தான் இருந்திருக்கு, பொடிதான் இல்லை. அந்தப் பிசின் அத்தனையையும் கொட்டச் சொன்னதும் நான்தான்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளும் வருடக்கணக்கில் கொட்டியவள்தானே. குடுவையை இறுக மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. உங்க அறையில ஒரு தடவை திறந்தாப் போதும்."