பாப்பாவுக்கு என்று பிட்ட கச்சாயம்

வயிற்றில் இல்லவே இல்லாத குழந்தைக்காக ஒருத்தி அழலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்று மாதம் தள்ளிப்போனதும், டாக்டரிடம் காட்டாமலே கர்ப்பம் என்று முடிவுசெய்துவிட்டோம். "ரெண்டு உசுருக்குஞ் சேத்தித் தின்னு கண்ணு" என்று மாமியார் தினமும் அரிசி மாவில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுத் தந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கும் என் கணவர், குழந்தைக்கென்று மெத்தென்ற துண்டுத் துணிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

பிறகு பரிசோதித்த லேடி டாக்டர், "கர்ப்பம் இல்லீங்க. சினைப்பையில நீர்க்கட்டி. இனிப்பை விட்டு, அரிசியைக் கொறச்சு, உடம்பு எளைக்கோணும்" என்றார்.

இப்போது நாள் தள்ளினால் முதலில் டாக்டரிடம்தான் போகிறேன். அளவாகக் கம்பங்களி, நிறையக் கீரை என்று சாப்பிடுகிறேன். ஆனால் தம்பி வரப்போகிறான் என்று அப்போது நாங்கள் சொன்னதை இன்னும் நம்பும் என் நான்கு வயது மகள், தன் கச்சாயத்தில் பாதியைப் பிட்டு, "தம்பிப் பாப்பாவுக்குங்மா" என்று நீட்டுகிறாள். மறுக்க வாய் வராமல் தின்றுவிடுகிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது? சகோதரிகள் யாராவது எழுதுங்களேன்.