தறி திறந்த பிறகு

தொண்ணூற்றொன்றில் நூல் விலை ஏறியது. அதை இறக்கவென்று செட்டியார்பட்டித் தறி முதலாளிகள் ஒன்றுகூடித் தறிகளை நிறுத்தினார்கள். பேண்டேஜ் துணி நெய்த சுடலையம்மாளுக்கு வேலை போனது. கூட நெய்தவர்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை விட்டு அவளால் போக முடியவில்லை. தறி முதலாளி சமுத்திரத்தின் தாயார் வாதத்தில் படுத்திருந்தார். தறி திறக்கும்வரை என்று சொல்லி, அந்தக் கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் கஞ்சி ஊட்டவும் போனாள்.

தறி திறந்தபோது நூல் விலை இறங்கியிருக்கவில்லை. நூல் வாங்க ஆளில்லாமல் நூல் மில்களும் ஷிப்டைக் குறைத்து வரத்தைச் சுருக்கியிருந்தன. ஆஸ்பத்திரிகளில் பேண்டேஜ் துணிக்குத் தட்டுப்பாடு. நெய்யவும் ஆள் இல்லாததால் கூலி ஒன்றரை மடங்கானது.

"நாளைக்குத் தறிக்கு வாரேன், முதலாளி."

"கூலியக் கூட்டிக் குடுத்தா தறிக்கு எவனையாச்சும் பிடிச்சிருவேன். எங்கம்மாவுக்கு யாரு இருக்கா?"

"ஒங்க வீட்டம்மா இருக்காவல்ல?"

"அவ மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுதா."

"அப்ப தறிக்கூலியக் குடுங்க."

"கஞ்சி ஊட்டவா? நல்லாருக்கு கதை!"

மறுநாள் அவள் பக்கத்துத் தறிகளில் கேட்டுப் பார்த்தாள். யாரும் சேர்க்கவில்லை. ஆள் தட்டுப்பாடு வந்ததும், ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று முதலாளிகள் பேசி வைத்திருந்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தாள். காலையிலிருந்து யாரும் புரட்டாததால் கிழவியின் இடுப்பு சிவந்து கிடந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"எங்கட்டி போன?"

"தறிக்கு வேல கேக்க."

"கெடச்சிச்சா?"

"கெடச்சா இங்க ஏன் வாரேன்? வாயத் தொறங்க ஆச்சி, கஞ்சி ஆறுது."