அக்காவின் மூச்சும் ஆங்கிலப் புள்ளியும்

புகைக்கூடத்துக்கு அருகில் இருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் சுவர்களில்கூட ரப்பர் சீட்டின் புகைவாசம் ஏறியிருக்கும். மழைக்காலத்தில் அது அக்கா சரசுவுக்கு மூச்சு முட்டவைக்கும் "இழுப்பை"க் கொண்டுவந்துவிடும். கேகாலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த அவள், அந்த வருடம் கேகாலையில் நடக்கவிருந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். டீச்சர் பேசவைத்துப் பார்த்தபோது பாதியிலேயே மூச்சு முட்டியது. "திங்கட்கிழமையும் இப்படின்னா வேற புள்ளையத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார்.

கவலை வந்தால் எதையாவது எண்ணுகிறவன் நான். அவள் எழுதியிருந்ததை எண்ணினேன். முதல் வாக்கியத்தில் மட்டும் அறுபத்து மூன்று சொற்கள். தமிழில் போய், வந்து, பார்த்து என்று கோத்துக்கொண்டே போனாலும் கடைசி வினை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். அதே பழக்கத்தில் அக்கா ஆங்கிலத்தில் முழு வாக்கியங்களையே கமாவால் கோத்திருந்தாள்.

நான் அதைக் காட்டியதும், முதலில் மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் புள்ளி வைத்தாள். "த ரெயின் கேம், மை மதர்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "ரேன்" என்றாள். மழை வந்ததும், சிரட்டைகளில் சேர்ந்த ரப்பர் பால் கெட்டுப்போகுமே என்று அம்மா ரப்பர் மலையில் ஓடிய கதை அது.

"அம்மாவ நடுமலையில நிப்பாட்டிட்டியே!" என்றேன்.

"சிரிக்காதடா எருமை" என்றவளுக்கே சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமலும் வந்தது. அடுப்படியை மறைத்துக் கட்டியிருந்த பழைய சேலையை விலக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனவள், அந்தச் சேலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"டேய், வீட்டுக்குள்ள பிரிக்க இந்தச் சேலை போதும். பக்கத்து வீட்டையும் நம்மளையும் பிரிக்க?"

"சுவருதான்."

"மழை வந்துச்சு, அது ஒரு வீடு. அம்மா ஓடுனாங்க, அது வேற வீடு. நான் நடுவுல கமான்னு ஒரு சேலைய மட்டும் கட்டிவச்சிருக்கேன்!"

ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சொல்லி, பொருள் முடிகிறதா என்று பார்த்தோம். முடிந்த இடத்தில் புள்ளியைச் சுவராக எழுப்பினோம். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தால் கமாவோடு 'அண்ட்', 'பட்' என்று ஒரு கதவு வைத்தோம். மழையையும் அம்மாவையும் பிரிக்க மனமில்லாமல், 'வென் த ரெயின் கேம்' என்று தொடங்கி ஒரே வீட்டின் ஒரே அறையில் குடிவைத்தாள் அக்கா. "இங்க பாரு, ரெண்டு குடும்பம் ஒரே காம்பராவுல!" என்று நான் கத்த, வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "யாருடா அது, எந்தக் காம்பராவுல?" என்று பதறி ஓடிவந்தார். நாங்கள் உருண்டு உருண்டு சிரித்தோம்.

அறுபத்து மூன்று சொற்கள் ஒன்பது வாக்கியங்களாயின; மீதியையும் அப்படியே பிரித்தோம். திங்கட்கிழமை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, மூச்சு வாங்கி, கடைசி வரை போய்ச் சேர்ந்தாள். டீச்சர் போட்டிப் பட்டியலில் அக்காவின் பெயரை எழுதினார். பிறகு, "கேகாலைக்குப் போறதுக்கு வெள்ளச் சட்டைய தோச்சு வச்சுக்க" என்றார்.

அந்த லயம் இப்போது இல்லை, புகைக்கூடமும் இல்லை. மாவனல்லையில் மகனோடு இருக்கும் அக்காவுக்கு இழுப்பும் எப்போதோ விட்டுப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்தால் மருமகள், மீன் விலை, முழங்கால் வலி என்று ஒரு புள்ளியும் இல்லாமல் பேசுகிறாள். நான் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுகிறேன். எங்கேயும் நிற்காமல் பேசட்டும்.