திரும்பி வந்தும் வராத புத்தகங்கள்

தாளாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். "சிஸ்டம் ஒத்துக்கலம்மா, நான் என்ன செய்ய?" என்று புதுமடத்துப் பிள்ளையிடம் நீங்கள் சொன்னது பொய். நீங்கள் அதைச் சொன்ன நேரத்தில், அவள் திருப்பிக் கொண்டுவந்த நூலகப் புத்தகங்கள் சாக்கோடு உங்கள் மேசை மேல் கிடந்தன. எல்லாம் துபாய் காலண்டர் தாளில் அட்டை போட்ட புத்தகங்கள். வழவழப்பான தாள், ஒன்றில் ஒட்டகம், ஒன்றில் உயரமான கட்டிடம். மேலே கிடந்த புத்தகம் உங்கள் கண்ணாடிக் கூட்டின் மேல் சரிந்தது. அதை ஒரு விரலால் தள்ளிவிட்டுத்தான் பேசினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். நூலகரும் நின்றார்.

நூலகர் போன மாசியில் திருவாடானையில் தன் வீட்டில் இறந்துபோனார். கல்லூரி ஆண்டு விழா மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அவரிடம் நூலக உதவியாளராக வேலை பார்த்தவள் நான். இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். "அமைதியானவர், அன்பானவர்னு போட்டு முடிச்சுருங்க மேடம்" என்று மலர்க்குழுவில் ஒருவர் வழியும் சொல்லிக் கொடுத்தார். நூலகர் அமைதியானவர் இல்லை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவனை வெளியே போகச் சொல்லிக் கத்துவார். மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்பதில் சண்டை வந்து நாங்கள் இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். அன்பானவரா என்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை எழுதினால் மலரில் வராது. அதனால் வெளிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

எங்கள் கல்லூரிக்குக் கடற்கரை ஊர்களில் இருந்து நிறைய பெண் பிள்ளைகள் வருவார்கள். இரண்டாம் வருடம் படிக்கும்போதே நிக்காஹ் முடிந்துவிடும். கல்லூரிப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை சவூதிக்கோ துபாய்க்கோ விமானம் ஏறிவிடுவார். பெயரை அடித்ததற்காகப் படிக்கிற ஆசை போய்விடுமா? புதுமடத்தில் அப்படி ஒரு கூட்டமே இருந்தது. அவர்களுக்காக, கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை உச்சிப்புளி பஸ்ஸில் புத்தகம் சுமப்பாள். ஒருத்தி படிப்பை முடித்துப் போனால் அடுத்தவள் பையை வாங்கிக்கொள்வாள். விதிப்படி இதற்கு இடமில்லை. நூலகர் இடம் செய்தார். வெளியே போகும் புத்தகங்களின் கடன் அட்டைகளை அடுக்கி வைக்கும் இழுப்பறையில் ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கி, அதில் ஆள் பெயர் எழுதாமல் "புதுமடம்" என்று ஊர்ப் பெயரை எழுதி ஒட்டினார். அந்த ஊருக்குப் போகும் புத்தகங்களின் அட்டைகள் எல்லாம் அதில் கிடக்கும்.

"யாரு பேருல சார் எழுதுறது?" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஆளு பேரு எதுக்கு? ஆளு ஓடிரும். ஊரு எங்கிட்டு ஓடும்?" என்றார்.

ஓடவில்லை. போன புத்தகம் எல்லாம் திரும்பி வந்தது. அத்தர் வாசத்தோடு வரும், முதுகு பிரிந்திருந்தால் ஊசி நூலால் தைத்து வரும். பிரசவம் பற்றிய மருத்துவ நூல் ஒன்று எங்கள் அலமாரியில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அது எப்போதும் பஸ்ஸில்தான் இருந்தது.

பிறகு கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்குழு வரப்போகிறது என்று சொன்னார்கள். நூலகம் கணினிமயமாக வேண்டும். மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதை ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். எழுதியவர்கள் அதன் உள்ளே இருப்பதை மறைக்காமல் கொடுத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தேவைக்கு மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். திறப்பு விழாவில் நீங்கள்தான் அதைக் "கதவே இல்லாத வீடு" என்று பேசினீர்கள். கைதட்டினோம். கதவில்லாத வீட்டுக்கு அன்றைக்கே பூட்டு வாங்கிப் போட்டவரும் நீங்கள்தான்.

அதை நிறுவும் வேலையை மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உங்கள் தங்கை மகனுக்குக் கொடுத்தீர்கள். அவர் ஆட்கள் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பொருள் எல்லாம் ஒரு பதிவு. கையில் எடுக்கிற பிரதி ஒவ்வொன்றும் ஓர் ஐட்டம். அதன் மேல் ஒட்டுகிற கோடு போட்ட எண் பார்கோடு. கொடுப்பது செக்-அவுட், திரும்ப வாங்குவது செக்-இன். இரண்டுக்கும் சேர்த்து சர்குலேஷன். புத்தகம் எடுக்கிறவர் பேட்ரன்.

"பேட்ரனா?" என்றார் நூலகர். "நம்ம பக்கம் விழாவுக்கு நன்கொடை குடுத்துட்டு முன் வரிசையில உக்காந்திருப்பாய்ங்களே, அவய்ங்களா?"

"இல்ல சார். படிக்க வர்ற பிள்ளைக."

"நம்ம பிள்ளைகளுக்கு இம்புட்டு மரியாதையா! சரி, நான் யாரு இதுல?"

நான் திரையில் காட்டினேன். அந்த மென்பொருளில் யாருக்கு என்ன செய்ய அனுமதி என்று ஒரு பட்டியல் இருக்கும். நானும் அவரும் புத்தகம் கொடுக்கலாம், வாங்கலாம். அவ்வளவுதான். பதிவைத் திருத்தக்கூட முடியாது. எல்லாம் செய்யக்கூடிய அனுமதிக்குப் பெயர் சூப்பர் லைப்ரேரியன்.

"அந்த சூப்பரு யாரு தாயி?"

"தாளாளரோட தங்கச்சி மகன் சார்."

"அவன் எந்த லைப்ரரில இருந்தான்?"

"மவுஸ், கீபோர்டு விக்கிறாரு சார்."

இருமல் வரும்வரை சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அந்த ஆட்கள் அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கெல்லாம் பார்கோடு ஒட்டினார்கள். வெளியே போயிருந்த புத்தகங்களை அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். புதுமடம் தட்டு வந்ததும் நின்றார்கள். ஊர்ப் பெயருக்குப் புத்தகம் கொடுத்ததாக அவர்கள் எங்கும் பார்த்ததில்லை. அந்த மென்பொருளில் ஒரு நிறுவனத்தையோ குழுவையோகூட பேட்ரனாகச் சேர்க்க வழி உண்டு. அதைத் தேட அவர்களுக்குப் பொறுமையில்லை. நூலகரும் நானும் அன்று தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தோம். "இந்த ஊருக்கு யாரு புத்தகம் தூக்குறது?" என்று வாசலில் நின்ற பிள்ளைகளிடம் கேட்டு, அப்போது பை தூக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பெயரில் தட்டில் இருந்த அத்தனையையும் ஏற்றிவிட்டார்கள். புத்தகங்கள் கையில் இல்லாததால் பார்கோடு எண் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டார்கள். பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு வரவே இல்லை. "பணி முழுமையாக முடிந்தது" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளை இறுதியாண்டு கணிதம். கெட்டிக்காரி. தேர்வு முடிந்தது, இராமநாதபுரத்தில் பி.எட். இடமும் கிடைத்தது. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தால் சேர்ந்துவிடலாம். அது வேண்டுமென்றால் நூலகத்தில் பாக்கி இல்லை என்று அலுவலகம் கணினியில் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். ஓர் ஊரே படித்துக்கொண்டிருந்த புத்தகங்கள் அவள் ஒருத்தி தலையில் இருந்தன.

அவள் பதறவில்லை. அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் வாங்கி, மறுநாள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அரிசிச் சாக்கில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து வரிசை எண்ணைப் போட்டேன், தலைப்பைப் போட்டேன், அவள் பெயரைத் திறந்து அங்கிருந்து வாங்கிப் பார்த்தேன். பார்கோடு எண் இல்லாமல் அது எதையும் திரும்ப வாங்காது. இங்கிருந்து புதிதாக எண் ஏற்றலாமென்றால் எனக்கு அனுமதி இல்லை. புத்தகம் என் கையில். திரையில் அவள் கையில்.

"இந்தா கெடக்குதுல்ல புத்தகம்? உங்க பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார் உம்மா.

நூலகர் தன் கையால் பாக்கி இல்லை என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். கையால் எழுதிய சீட்டு செல்லாது என்று நீங்கள் உத்தரவு போட்டிருப்பதாக அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தோம். அங்கேதான் சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள்.

"உங்க தங்கச்சி மகன்கிட்ட பாஸ்வேர்டு வாங்கிக் குடுங்க சார், இங்கனயே முடிச்சுத் தாரேன்" என்று நான் கேட்டேன். நினைவிருக்கும்.

"அதெல்லாம் வெளிநாட்டு சாஃப்ட்வேரும்மா. கண்டபடி கை வைக்கக் கூடாது" என்றீர்கள். பிறகு அவளைப் பார்த்து, "புத்தகத்தைத் தொலைச்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. சான்றிதழ் வாங்கிட்டுப் போ" என்றீர்கள்.

அவள் சாக்கைப் பார்த்தாள். "எழுதிட்டு இந்த மூட்டைய நா எங்கிட்டு வைக்கிறது சார்? வீட்டுக்குக் கொண்டு போனா திருட்டு. இங்க வச்சா பொய்யி."

அவள் எழுதவில்லை. எங்களை வெளியே அனுப்ப நீங்கள் மணியை அடித்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னால் மறக்க முடியவில்லை. அவள் தினமும் காலை பஸ்ஸில் வருவாள். என் மேசைக்கு எதிரே உட்காருவாள். நான் திரும்பவும் போட்டுப் பார்ப்பேன், அதே சிவப்பு எழுத்து வரும். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை நீட்ட, கருவி பீப் என்று கத்தி வாங்கிக்கொள்ளும். அவள் ஒவ்வொரு பீப்புக்கும் நிமிர்ந்து பார்ப்பாள். கடல் காற்றில் மணல் வந்து கீபோர்டில் நிறையும், நான் ஊதிக்கொண்டிருப்பேன். நூலகர் மதுரைக்குப் போன் போடுவார். "மாமா சொல்லட்டும்" என்பார் உங்கள் தங்கை மகன். உங்களிடம் வந்தால், "அவன்கிட்டயே பேசுங்க" என்பீர்கள். இரண்டு பேருக்கும் நடுவே நூலகத்தில் நாங்கள் மூன்று பேர். வெளியே போக வழி இருந்தது, எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. திறப்பதற்கு அனுமதி மட்டும் இல்லை. கூண்டில் கிடப்பதென்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரிந்தது. கம்பி கண்ணுக்குத் தெரிந்தாலாவது பிடித்து ஆட்டலாம்.

ஆய்வுக்குழு வந்த நாளில் நூலகர் சாக்கை நூலக வாசலிலேயே வைத்துவிட்டார். குழுவில் ஒருவர் இது என்ன என்று கேட்டார். நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டி, இதை நீங்களே திரும்ப வாங்கிக் காட்டுங்கள் என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து முயன்றார். சிவப்பு எழுத்து வந்தது. நீங்கள் மறுபடியும் வெளிநாட்டு மென்பொருள், கை வைக்க முடியாது என்றீர்கள். நூலகர் கத்தினார்.

"கை வைக்கிறதுக்குன்னே குடுத்திருக்கான்யா! செஞ்சவன் தொறந்து வச்சிருக்கான், வாங்குனவன் பூட்டி வச்சிருக்கான். ஒரு பிள்ள படிப்பு போகுதுய்யா இங்கன!"

குழுவினர் இளநீர் குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். நூலகரை விடுதிச் சரக்கறைக்கு மாற்றினீர்கள். ஓய்வு பெறும்வரை அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பி.எட். சேர்க்கையின் கடைசி நாளும் போனது. மறுநாள் அவள் பஸ்ஸில் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

உங்கள் தங்கை மகன் பிற்பாடு கடையை மூடினார். பராமரிப்புக்குப் பரமக்குடியில் இருந்து வேறொருவர் வந்தார். வந்த அன்றே, "நூலகத்துல இருக்கவங்களுக்குத் திருத்துற அனுமதி இல்லாம எப்படி மேடம்?" என்று கேட்டு, திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்து எனக்கு அந்த அனுமதியைக் கொடுத்தார். நான் அந்தச் சாக்கைப் பிரித்தேன். எண் போட்டேன், ஒட்டினேன், செக்-இன் செய்தேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பாக்கி இல்லை என்று அச்சடித்துக்கொண்டு சரக்கறைக்கு ஓடினேன். நூலகர் வாங்கிப் பார்த்தார். "யாருக்கு இது இப்ப?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் இறந்த செய்தியைச் சொல்ல நான் கீழக்கரைக்குப் போனேன். புதுமடத்துப் பிள்ளைக்கு நிக்காஹ் ஆகி அங்கே இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். பள்ளியில் கேட்டதற்கு பி.எட். இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நூலகருக்காக துஆ செய்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நெசமாவே முடியாமத்தான் இருந்துச்சா?"

"முடியும்மா. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது."

"நீங்க சொல்றீக. அவரு சொல்லலையே. எங்க வாப்பா இன்னமும் என்னையத்தான் சொல்றாக, ஊருக்கெல்லாம் புத்தகம் சொமந்து ஒம் படிப்ப நீயே கெடுத்துக்கிட்டன்னு. முடியாமத்தான் இருந்துச்சுன்னா மனசு ஆறிரும். முடியும்னா அதையும் அவரு வாயால சொல்லட்டும்."

இதை எழுதியதற்கு என்னை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சரக்கறையில் இன்னும் இடம் இருக்கிறது. அது பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆண்டு விழா மேடையில் நூலகரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பேச ஒலிபெருக்கி முன்னால் வருவீர்கள் அல்லவா? அவளும் அவள் வாப்பாவும் வருவார்கள், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் அமைதியானவர், அன்பானவர் என்று ஆரம்பிக்காதீர்கள். திருத்தும் அனுமதியை எங்களுக்குக் கொடுக்க முடியாமல் இருந்ததா, கொடுக்க மாட்டேன் என்று வைத்திருந்தீர்களா? மாட்டேன் என்றுதான் வைத்திருந்தீர்கள் என்றால், ஏன்? அத்தனை பேர் கேட்க, அவள் முகத்தைப் பார்த்து, தாளாளர் அவர்களே, பதில் சொல்லுங்கள்.