ஆடுகிற ஸ்டூல்

எங்கள் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் கிடக்கிறது. பச்சைப் பெயின்ட் உரிந்துபோன அதைப் பழைய இரும்புக் கடையில் போடச் சொல்லாத விருந்தாளி இல்லை. அதன்மேல் ஏறி நின்றுதான் எங்கள் சங்கச் செயலாளர் திருப்பூரின் பனியன் கம்பெனி வாசல்களில் பேசினார்.

செயலாளர் குள்ளம். ஸ்டூல் இல்லாவிட்டால் இரண்டாம் வரிசைக்கே அவர் தலை தெரியாது. மொபெட்டின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். வாசல் கூட்டத்தில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலாளியோடு பேசி முடித்த ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். வேண்டாம் என்று நினைக்கிறவர் ஸ்டூலில் ஏறிச் சொல்லவேண்டும். தயங்கி நின்றால், "இது கொஞ்சம் ஆடற ஸ்டூலுங்க. நீங்க ஏறுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்று குத்துக்காலிட்டு அதன் காலைப் பிடித்துக்கொள்வார். தன்னை எதிர்த்துப் பேசுகிறவருக்குத் தானே ஸ்டூல் பிடிக்கிற தலைவரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பிறகு எம்.எல்.ஏ. ஆனார். "வாசல்ல நின்னு கத்துனது போதுமுங்க. சட்டம் போடற எடத்துல போய்க் கொஞ்சம் கத்தறேன்" என்றார். கார் வந்தது. ஸ்டூலுக்கும் சீட் உண்டா என்று கிண்டல் செய்தோம். டிக்கியைத் திறந்து காட்டினார், உள்ளே இருந்தது.

அப்போது நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தேன். கூலி உயர்வு கேட்டதற்குக் கம்பெனி கதவைப் பூட்டி, முன்னின்று கேட்ட நாலு பெண்களை நீக்கியது. மூன்றாவது வாரம் செயலாளர் அமைச்சர் வரைக்கும் பேசி ஒப்பந்தத்தோடு வந்தார். கூலி உயரும், மறுநாளே கதவு திறக்கும், அந்த நாலு பேருக்கு மட்டும் வேலை இல்லை. எல்லோர் வீட்டிலும் அரிசி தீர்ந்திருந்த சமயம். வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள். அவர் இறங்கினார். நான் ஸ்டூல் பக்கத்தில் போய் நின்றேன்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள் நான். இந்த ஊரில் எனக்கு முதல் வேலை வாங்கித் தந்ததே அவர்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலில் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டேன். "ஏறுங்க அம்மிணி. ஆடற ஸ்டூலு, நான் புடிச்சுக்கறேன்" என்று வெள்ளை வேட்டி புழுதியில் படிய உட்கார்ந்தார். ஏறினேன். அவர் சொன்னபடியே ஸ்டூல் கிடுகிடுவென்று ஆடியது.

"அந்த நாலு பேர்ல ஒருத்தி எனக்குப் பக்கத்து மிஷினு. அவ இல்லாத மிஷினைப் பாத்துக்கிட்டு நான் எப்படித் தைப்பேன்?" என்று கேட்டேன். வேறு என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஒப்பந்தம் வேண்டாம் என்று ஒவ்வொரு கையாக உயர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. செயலாளர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "செரீங்க, மறுபடி போய்க் கேக்கறேன்" என்றார்.

இன்னும் இரண்டு வாரம் பட்டினி கிடந்து, நாலு பேரோடும் உள்ளே போனோம். அமைச்சரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர் என்று கட்சியில் அவருக்குக் கெட்ட பெயர். அடுத்த தேர்தலில் சீட் இல்லை. அவர் வீட்டுக்குப் போய், "என்னாலதானேண்ணே" என்று அழுதேன். "அட, நீங்க வேற. காப்பி ஆறுதுங்க" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை.

போன வருஷம் அவர் காலமான பிறகு, அவருடைய மனைவி ஸ்டூலை என்னிடம் கொடுத்தார். எந்தக் கால் குட்டை என்று பார்த்து முட்டுக்கொடுக்கலாம் என்று ஓர் அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டைல்ஸ் தரையில் நாலு காலும் அசையாமல் பதிந்து நின்றன. இந்தப் பக்கம் அழுத்தினேன், அந்தப் பக்கம் அழுத்தினேன். ஆடவே இல்லை. யோசித்தால், அவர் ஏறிப் பேசிய நாட்களில் ஒருவரும் அதைப் பிடித்ததில்லை. அன்றைக்கு ஆடியது என் கால்கள்தான். பிடித்திருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது சங்கத்தில் நானும் ஒரு நிர்வாகி. போன வாரம் ஒரு கம்பெனி வாசலில், மூன்று மாதம் அலைந்து வாங்கிய ஒப்பந்தத்தை அதே ஸ்டூலில் ஏறி வாசித்துவிட்டு இறங்கினேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். ஏறாமல் நின்றாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

"ஏறு தாயி. இது கொஞ்சம் ஆடுற ஸ்டூலு. நான் பிடிச்சுக்கிறேன்."